லைப்ரரி அக்கா பதில்கள்: சானி ஏன் கோபித்துக்கொண்டு போனாள்?

போன இதழில் ‘டியூன்’ நாவலைப் பற்றி நாலு வரி எழுதி, அதன் இரண்டாம் பாகப் படத்தையும் பாருங்கள் என்று சொல்லியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே. பழைய வண்ணாரப்பேட்டையில் இருபத்தேழு வருஷம் வாடகை நூல் நிலையம் நடத்தியவளுக்கு இதைவிடச் சந்தோஷம் கிடையாது. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை முழுவதும் இதற்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, படத்தைப் பார்த்துவிட்டு நாவலைப் படித்தேன். படத்தின் கடைசியில் சானி கோபித்துக்கொண்டு தனியே போய்விடுகிறாள். நாவலில் அவள் கதாநாயகன் பால் பக்கத்திலேயே நிற்கிறாள். எழுதியவர் எழுதாததை எடுப்பது தப்பில்லையா? அவர் உயிரோடு இருந்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பாரே?
(கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை)

பதில்: சண்டைக்கு வந்திருக்க மாட்டார் என்றுதான் நான் நம்புகிறேன் கண்ணு. இது பெரிய விஷயம், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

படிக்காதவர்களுக்காகக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அராக்கிஸ் என்று ஒரு பாலைவனக் கிரகம். அங்கே மட்டும் கிடைக்கும் ஸ்பைஸ் என்ற பொருள் இல்லாமல் நட்சத்திரங்களுக்கு இடையே கப்பல் ஓட்ட முடியாது. அதை ஆள வந்த குடும்பத்தை எதிரிகள் அழிக்கிறார்கள். தப்பித்த இளவரசன் பால், அந்த மண்ணின் மக்களான ஃப்ரெமன்களோடு சேர்ந்து, அவர்களுக்குத் தலைவனாகி, கடைசியில் பேரரசனையே மண்டியிட வைக்கிறான். சானி, அவன் விரும்பும் ஃப்ரெமன் பெண்.

இதை எழுதிய ஃபிராங்க் ஹெர்பர்ட், அமெரிக்காவில் 1963 டிசம்பரிலிருந்து ‘அனலாக்’ பத்திரிகையில் தொடர்கதையாகக் கொடுத்தார். முதல் கதை மூன்று இதழ், அதன் தொடர்ச்சி 1965இல் ஐந்து இதழ். புத்தகமாகப் போட இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் மறுத்துவிட்டன. 1965இல் அதைத் துணிந்து போட்ட சில்டன் நிறுவனம், கார் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பேர்போனது. மெக்கானிக் கடைகளுக்குப் புத்தகம் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள்தான் இந்தக் கதையை உலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

சரி, புத்தகம் வந்தது, விருதுகள் வந்தன, வாசகர்கள் பாலைக் கொண்டாடினார்கள். ஹெர்பர்ட்டுக்கு அங்கேதான் வருத்தம். ஒரு மனிதனை மீட்பர் என்று நம்பி ஒரு ஜனமே பின்னால் போனால் என்ன நேரும் என்று எச்சரிக்கத்தான் அவர் எழுதினார். பிற்காலத்தில் பேட்டிகளில் வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் படித்தவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டு வெற்றியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

நாவலுக்குள்ளேயே அந்த எச்சரிக்கை இருக்கிறது. தன் பெயரால் நடக்கப்போகும் புனிதப் போரைப் பால் முன்கூட்டியே பார்க்கிறான், பயப்படுகிறான். ஆனால் அந்தப் பயமெல்லாம் அவன் மனசுக்குள் ஓடும் வரிகளாக இருக்கிறது. வெளியே நடப்பது வெற்றிமேல் வெற்றி. வேகமாகப் படிக்கிறவர் கண்ணுக்கு வெற்றிதான் தெரியும். 1969இல் ஹெர்பர்ட்டின் அடுத்த நாவல் வந்தது, ‘டியூன் மெசையா’. பன்னிரண்டு வருஷம் கழித்து நடக்கிற கதை. தன் போரில் 6,100 கோடிப் பேர் செத்திருப்பார்கள் என்று பாலே அதில் கணக்குச் சொல்கிறான். முதல் கதையைத் தொடராகப் போட்ட அதே அனலாக் ஆசிரியர் இதைப் போட மறுத்துவிட்டார். கதாநாயகன் கீழே விழுவதை அவர் விரும்பவில்லை.

இப்போது இயக்குநர் டெனி வில்னேவ் இடத்தில் நின்று பார். நீ 2024இல் இரண்டாம் பாகம் எடுக்கிறாய். முதல் நாவலின் பிற்பாதிதான் உன் கதை. எழுதியவர் எதற்குப் பயந்தார் என்பது உனக்குத் தெரியும், அவரை வாசகர்கள் எப்படித் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்பதும் தெரியும். அந்தப் பயத்தைத் திரையில் எங்கே வைப்பாய்? பால் மனசுக்குள் ஓடுவதைக் காட்ட முடியாது. வேறொரு முகம் வேண்டும். வில்னேவும் அவரோடு திரைக்கதை எழுதிய ஜான் ஸ்பெய்ட்ஸும் சானியைத் தேர்ந்தெடுத்தார்கள். நாவலில் நம்பிக்கையோடு பக்கத்தில் நிற்கும் சானியை, நம்ப மறுக்கிற சானி ஆக்கினார்கள். அவனை அவளுக்குப் பிடிக்கும். அவனைக் கும்பிடுகிறவர்களைப் பிடிக்காது. விஷத்தைக் குடித்துவிட்டுப் பிணம்போல் கிடக்கிறவனை அவள் கண்ணீரை வைத்தே எழுப்ப வைக்கிறார்கள், அதுவும் அவளைக் கட்டாயப்படுத்தி. அவன் கண் விழித்ததும் அவள் ஓங்கி ஓர் அறை விடுகிறாள். அந்த அறையில் இருப்பது ஹெர்பர்ட்டின் கோபம் என்பது என் எண்ணம்.

இதை நான் தியேட்டரில் பார்த்த கதையைச் சொல்ல வேண்டும். எனக்கு முன் வரிசையில் காசிமேட்டுப் பையன்கள் ஏழெட்டுப் பேர். மணலுக்கு அடியில் வாழும் ராட்சதப் புழுமேல் பால் முதன்முதலாக ஏறி நிற்கும்போது விசில் பறந்தது. தெற்கே ஃப்ரெமன்கள் கூடும் கூட்டத்தில் அவன் ‘நானே வழிகாட்டி’ என்கிற மாதிரி முழங்கும்போது ஒருவன் இருக்கையை விட்டே எழுந்துவிட்டான். நானும் கை தட்டினேன். மறைக்கவில்லை, அந்தச் சத்தமும் அந்தக் குரலும் அப்படி. அதே கூட்டத்தில் சானி முகத்தைக் காட்டுகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக விசில் அடங்கியது. கடைசிக் காட்சியில் அவள் தனியாக மணலில் நின்று, கொக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, புழு வருவதற்குக் காத்திருக்கிறாள். அவள் முகத்தோடு படம் முடிகிறது. விளக்கைப் போட்ட பிறகும் அந்தப் பையன்கள் யாரும் பேசவில்லை. படிக்கட்டில் இறங்கும்போது ஒருவன், “அவ சொன்னது கரெக்ட்தானடா” என்றான்.

1965இலிருந்து ஹெர்பர்ட் கேட்க ஏங்கிய வார்த்தை அது. நாவலின் கடைசி வரியில் என்ன இருக்கிறது, ஞாபகம் வருகிறதா? பால் அரசியலுக்காக இளவரசி இருலனை மணக்கப் போகிறான். அவன் அம்மா ஜெசிக்கா, சானியைப் பார்த்து, நம்மை ஆசைநாயகிகள் என்று சொன்னாலும் சரித்திரம் மனைவிகள் என்றுதான் சொல்லும் என்று தேற்றுகிறாள். அதில் ஒரு கம்பீரம் உண்டு, எனக்கு அந்த வரி ரொம்பப் பிடிக்கும். ஆனால் அந்த வரியோடு படத்தை முடித்திருந்தால், காசிமேட்டுப் பையன்கள் விசிலடித்துக்கொண்டேதான் வெளியே வந்திருப்பார்கள்.

கேள்வி: நாவலில் வில்லனைக் கொல்வது பாலின் குட்டித் தங்கச்சி. படத்தில் அந்தக் குழந்தையையே காணோம். அந்தக் காட்சிக்காகத்தான் காத்திருந்தேன் மேடம்.
(தனியார் நிறுவன ஊழியர், பெரம்பூர்)

பதில்: நானும்தான். அந்தத் தங்கச்சி அலியாவை விட்டதில் எனக்குப் பாதி சம்மதம், பாதி வருத்தம்.

நாவலில் நடுவே சில வருஷங்கள் தாண்டிப் போகின்றன. அலியா பிறந்து, நாலு வயசுக் குழந்தை உருவத்தில் கிழவியின் அறிவோடு நடமாடுகிறாள், வில்லனான தன் தாத்தாவை விஷ ஊசியால் குத்துகிறாள். எழுத்தில் படிக்கும்போது முதுகு சில்லிடும். திரையில் ஒரு நாலு வயசுக் குழந்தை அந்த வசனங்களைப் பேசினால் கூட்டம் சிரித்துவிடும். அதனால் வருஷங்களை எடுத்துவிட்டார்கள். ஜெசிக்கா கர்ப்பமாகவே இருக்கிறாள், வயிற்றுக்குள் இருக்கும் மகளோடு பேசுகிறாள். மொத்தப் படமும் பத்து மாசத்துக்குள் முடிந்துவிடுகிறது. கர்ப்பிணி ஒருத்தி, இன்னும் பிறக்காத குழந்தையிடம் ஆலோசனை கேட்டுக்கொண்டு, ஒரு ஜனத்தையே போருக்குத் தயார் செய்கிறாள். அது நல்ல மாற்றம், பயமாகவும் இருக்கிறது.

எனக்கு வருத்தம் எங்கே என்றால், வருஷங்களோடு பாலின் பிள்ளையும் போய்விட்டான். நாவலில் பாலுக்கும் சானிக்கும் ஓர் ஆண் குழந்தை பிறந்து, எதிரிகளின் தாக்குதலில் செத்துப் போகிறான். ஹெர்பர்ட் அதை ரொம்பச் சுருக்கமாகக் கடந்துவிடுவார். படத்திலாவது அந்தப் பிள்ளைக்கு ஒரு காட்சி கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். அதோடு, ஒரு வெளியூர்ப் பையன் ஒரு மக்களில் ஒருவனாக மாறுவதற்கு வருஷங்கள் வேண்டும். எங்கள் தெருவுக்குக் குடிவந்தவர்களைத் தெருக்காரர்கள் என்று சொல்லவே நாலு பொங்கல் ஆகும்.

கேள்வி: ஐஸ் உடைக்கிற வேலை எனக்கு. புத்தகம் படிக்கிற பழக்கமில்லை, மகன் செல்போனில் படத்தைக் காட்டினான். மணலைப் பற்றி இவ்வளவு யோசித்தவர் பாலைவனத்தில் பிறந்தவரா?
(காசிமேடு)

பதில்: இல்லை அண்ணே. ஹெர்பர்ட் பிறந்தது அமெரிக்காவின் மழைக்காட்டுப் பக்கம், வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா என்கிற துறைமுக ஊரில். நீங்களும் நானும் மாதிரி கப்பல் பார்த்து வளர்ந்தவர்தான்.

அவருக்கு இந்தக் கதை கிடைத்தது பாலைவனத்தில் இல்லை, ஒரு கடற்கரையில். ஆரிகன் மாநிலத்தில் ஃபிளாரன்ஸ் என்ற ஊர். அங்கே கடலோர மணல்மேடுகள் காற்றில் நகர்ந்து நகர்ந்து சாலையையும் வீடுகளையும் மூடிக்கொண்டிருந்தன. அமெரிக்க விவசாயத் துறை, ஐரோப்பாவிலிருந்து வந்த ஒருவகைக் கடற்கரைப் புல்லை நட்டு, வேரால் மணலைக் கட்டிப்போட்டது. ஹெர்பர்ட் அப்போது பத்திரிகைக்காரர். 1950களில் சின்ன விமானம் ஒன்றில் ஏறிப் போய் அதைப் பார்த்தார், கட்டுரை எழுத உட்கார்ந்தார். அந்தக் கட்டுரை வெளிவரவே இல்லை. ஆனால் மணல் அவரை விடவில்லை. கடல் அலை மாதிரியே மணலும் அலை அடிக்கும், மெதுவாக அடிப்பதால் நமக்குத் தெரிவதில்லை என்ற எண்ணம் மனசில் ஊறி ஊறி, ஒரு கிரகமே ஆனது. நாவலில் ஃப்ரெமன்கள் மணல்மேட்டின் சரிவில் புல் நட்டு, தலைமுறை தலைமுறையாகப் பாலைவனத்தைப் பச்சையாக்கக் கனவு காண்கிறார்களே, அது அந்தப் புல்தான். இரண்டாம் பாகப் படத்தில் இந்தப் பகுதி ரொம்பக் குறைவு. போரும் காதலும் இடத்தை எடுத்துக்கொண்டன. எனக்கு அது குறையாகவே படுகிறது.

மணல் நகரும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம்ம கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே வரும். 1870களில் துறைமுகம் கட்ட ஆரம்பித்து, கடலுக்குள் சுவர் போட்டதும், மணல் அங்கேயே தேங்கியது. தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் கடல் கரையைத் தின்றது. அதைத் தடுக்கத்தான் இப்போது வரிசையாகக் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். கடலுக்குள் போன தெருக்களின் பெயரை என் பாட்டி விரல் விட்டு எண்ணுவாள். ஓர் இடத்தில் மணலை நிறுத்தினால் இன்னோர் இடத்தில் என்ன ஆகும் என்று ஹெர்பர்ட் கேட்ட கேள்வி நம்ம ஊருக்கும் உண்டு. மகனிடம் இதைச் சொல்லுங்கள். படத்தை இன்னொரு தரம் கூடப் பார்ப்பான்.

கேள்வி: செத்தவர் உடம்பிலிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள். பார்க்கவே அருவருப்பாக இருந்தது. இதெல்லாம் தேவையா?
(இல்லத்தரசி, கொருக்குப்பேட்டை)

பதில்: அம்மா, 2019 ஜூனை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். ஏரிகள் வறண்டு, ராத்திரி ரெண்டு மணிக்கு லாரி வரும் என்று குடங்களை வரிசையில் வைத்துவிட்டுத் திண்ணையிலேயே படுத்திருந்தோம். ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்த ஜூலை மாதமும் ஞாபகம் இருக்கும். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் அரிசி கழுவின தண்ணீர் பாத்திரம் கழுவப் போய், அப்புறம் கழிவறைக்குப் போனது. ஒரு குடத்துக்காகப் பேச்சு நின்றுபோன அக்கா தங்கைகளை எனக்குத் தெரியும்.

அந்த வாழ்க்கையைப் பத்தாயிரம் மடங்கு ஆக்கினால் ஃப்ரெமன்கள். வியர்வையையும் மூச்சின் ஈரத்தையும் வடிகட்டிக் குடிநீராக்கும் உடுப்பைப் போட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் முன்னால் எச்சில் துப்புவது அவருக்குச் செய்யும் மரியாதை, ஏனென்றால் அது தன் தண்ணீரைக் கொடுப்பது. நாவலில் பால், தான் கொன்ற ஜாமிஸ் என்பவனுக்காக அழுகிறான். சுற்றி நிற்பவர்கள், செத்தவனுக்குத் தண்ணீர் கொடுக்கிறானே என்று மெய்சிலிர்த்துப் போகிறார்கள். கண்ணீருக்கு இவ்வளவு விலை வைத்த இன்னொரு கதையை நான் படித்ததில்லை. செத்தவரின் தண்ணீரை எடுப்பது அவர்களுக்கு இறுதிச் சடங்கு. அருவருப்பு போன பிறகு ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: இதற்கு முன்னால் 1984இல் வந்த ‘டியூன்’ ஏன் ஓடவில்லை?
(ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், அயனாவரம்)

பதில்: அதை இயக்கிய டேவிட் லிஞ்ச் பெரிய கலைஞர். ஆனால் முழு நாவலையும் 137 நிமிஷத்தில் அடைக்க வேண்டிய நிலை. மனசுக்குள் ஓடுவதையெல்லாம் பாத்திரங்களின் கிசுகிசுக் குரலில் பின்னணியில் பேச வைத்தார். ஹெர்பர்ட் ஒரே காட்சியில் நாலு பேர் மனசுக்குள்ளும் போய்வருவார். அதை அப்படியே பேச வைத்தால் காதுக்குள் ஒரு சந்தையே இரையும்.

அதைவிடப் பெரிய பிழை முடிவில். பால் ஜெயித்ததும் அராக்கிஸில் மழை கொட்டுகிறது. நாவலில் அப்படி நடக்கவில்லை. அந்தப் புழுக்களுக்குத் தண்ணீர் விஷம், மழை பெய்தால் புழுவும் இல்லை, புழுவால் உண்டாகும் ஸ்பைஸும் இல்லை. அது கணக்குப் பிழை, அதை மன்னிக்கலாம். ஆனால் பாலை உண்மையாகவே தெய்வமாக்கி, ஹெர்பர்ட் எதற்கு எதிராக எழுதினாரோ அதையே படமாக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. நாவலின் சம்பவங்கள், வசனங்கள் பலவும் அந்தப் படத்தில் அப்படியே இருக்கின்றன. இருந்தும் நாவல் அதில் இல்லை.

வில்னேவ் கதையை இரண்டாகப் பிரித்தது முதல் துணிச்சல். 2021இல் முதல் பாகம் வெளியான பிறகுதான் இரண்டாம் பாகத்துக்கே அனுமதி கிடைத்தது. பாதிக் கதையில் நிறுத்திவிட்டு, மீதியை எடுக்க விடுவார்களா என்று தெரியாமல் காத்திருந்தார். நம்ம தொடர்கதை எழுத்தாளர்களுக்கு அந்த வயிற்றுக்கலக்கம் புரியும்.

கேள்வி: ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகத்தில் செய்த மாற்றங்களுக்கு எங்கள் வீட்டில் பெரிய சண்டை. நீங்கள் எந்தப் பக்கம்?
(அம்மாவும் மகளும், மூலக்கடை)

பதில்: என் கடையில் ‘பொன்னியின் செல்வன்’ மூன்று செட் இருந்தது. அதில் ஒன்று 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வந்த பக்கங்களைக் கிழித்து, படங்களோடு சேர்த்து யாரோ பைண்ட் செய்து வைத்திருந்தது. அதை மட்டும் வாடகைக்கு விடவில்லை. ஐந்து பாகங்களையும் ஆறேழு தடவை எடுத்துப் போனவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். அதனால் உங்கள் வீட்டுச் சண்டையை மதிக்கிறேன்.

என் பக்கம் இதுதான். நாவலில் சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்று தெரியவந்து, அவன் தலையில் கிரீடம் ஏறுகிறது. படத்தில் ஆள் மாறாட்டமே இல்லை, நாம் முதலிலிருந்து பார்த்த மதுராந்தகனுக்கே அருண்மொழி முடியைக் கொடுக்கிறான். அம்மாவுக்குக் கோபம் வந்திருக்கும். பூக்கூடை சுமந்தவன் அரசனாகும் அந்த ஆச்சரியம் போய்விட்டதே என்று எனக்கும் இருந்தது. ஆனால் கல்கியின் நெஞ்சில் இருந்தது, கையில் வந்த சிம்மாசனத்தை ஒருவன் விட்டுக்கொடுப்பது. அது படத்தில் இருக்கிறது. அதுவும் தன்னை எதிர்த்துச் சதி செய்தவனுக்கே கொடுப்பது இன்னும் கனமான தியாகம். மகள் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தொடர் முடிந்ததும் வாசகர்கள், ‘அவள் என்ன ஆனாள், இவன் என்ன ஆனான்’ என்று கல்கியைத் துளைத்தெடுத்தார்கள். அதற்காகவே அவர் முடிவுரை ஒன்று எழுதினார். ஹெர்பர்ட் வாசகர்களுக்குப் பதில் சொல்வதுபோல ஒரு நாவலே எழுதினார். தொடர்கதை படிப்பவர்கள் கடிதம் எழுதுவதை நிறுத்தவே கூடாது.

கேள்வி: வில்லன்களின் ஊர் மட்டும் ஏன் கறுப்பு வெள்ளை?
(ஸ்டூடியோ வைத்திருப்பவர், எம்.கே.பி. நகர்)

பதில்: அந்தக் கிரகத்துக்குக் கறுப்புச் சூரியன் என்று வைத்துக்கொண்டார்கள். ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃப்ரேசர் வெளிக் காட்சிகளை அகச்சிவப்புக் கதிரைப் பதியும் கேமராவில் எடுத்தார். அதனால்தான் தோல் மெழுகு மாதிரி வெளுத்து, கண்கள் மட்டும் துளையாகத் தெரிகின்றன. நாவலில் இப்படி ஒரு வரியும் இல்லை. இருந்தாலும் ஹார்கோனன்களைப் பற்றிப் பத்துப் பக்கம் படித்தால் வருகிற குமட்டலை அரை நிமிஷத்தில் கொண்டுவந்துவிட்டார்.

கேள்வி: செல்போனில் பார்த்தால் போதாதா? டிக்கெட் விலை தாங்கவில்லை.
(ஆட்டோ ஓட்டுநர், புளியந்தோப்பு)

பதில்: விலை விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். நாலு பேர் குடும்பம் ஒரு படம் பார்க்க ஒரு நாள் சவாரிக் காசு போய்விடுகிறது. ஆனால் இந்தப் படத்துக்கு மட்டும், பழைய ஒற்றைத் திரை அரங்கில் குறைந்த விலைக்கு எப்போதாவது திரும்பப் போட்டால் விட்டுவிடாதீர்கள். ஆஸ்கரில் இது வாங்கிய இரண்டு விருதுகளில் ஒன்று ஒலிக்கு, இன்னொன்று காட்சி விளைவுகளுக்கு. புழு வருவதற்கு முன்னால் மணலுக்கு அடியில் ஓர் உறுமல் வரும். அது காதில் விழுவதற்கு முன்னால் இருக்கையில் தெரிய வேண்டும்.

என் அப்பா மிண்ட் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் ஆபரேட்டராக இருந்தார். கார்பன் குச்சி எரிகிற கேபினில் முப்பது வருஷம். ஜனம் ‘ஒன்ஸ் மோர்’ கேட்டுக் கத்தினால் ரீலைத் திருப்பிச் சுற்றிப் பாட்டை மறுபடி போடுவார். அவர் இருந்து இந்தப் படத்தைப் பார்த்திருந்தால், புழுச் சவாரிக்கு நிச்சயம் ரீலைத் திருப்பியிருப்பார்.

கேள்வி: அக்கா, எனக்கு இருபத்துமூன்று வயசு. நண்பர்களோடு சேர்ந்து ஒரு எழுத்தாளரின் அறிவியல் சிறுகதையைக் குறும்படமாக எடுத்தோம். எங்கள் ஏரியாவில் நல்ல பேர். இப்போது அதே எழுத்தாளரின் குறுநாவலை வைத்து இரண்டாம் பாகம் எடுக்க ஆசை. கையில் இருப்பது கொஞ்சம் காசும் ஒரு வாடகைக் கேமராவும். எங்கே ஆரம்பிப்பது?
(வியாசர்பாடி)

பதில்: தம்பி, உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் வேலை, அந்த எழுத்தாளரிடம் போய் எழுத்தில் அனுமதி வாங்குவது. முதல் படத்துக்கு வாங்கியது இரண்டாவதுக்குச் செல்லாது. நேரில் போ, பழம் வாங்கிக்கொண்டு போ, ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கு.

அங்கே போகும்போதே ஒரு கேள்வியையும் கொண்டுபோ. ‘இந்தக் கதையை எழுதும்போது உங்களுக்கு எது பயமாக இருந்தது?’ அவர் சொல்வதை அப்படியே எழுதி, படப்பிடிப்பு முடியும்வரை சட்டைப் பையில் வைத்துக்கொள். எந்தப் பாத்திரத்தை வெட்டலாம், எந்த முடிவை மாற்றலாம் என்று சண்டை வரும்போதெல்லாம் அதை எடுத்துப் பார். அந்தப் பயம் படத்தில் நிற்கிறது என்றால் தைரியமாக வெட்டு.

அப்புறம், முதல் பாகத்தின் கதையைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்காதே. ‘டியூன்’ இரண்டாம் பாகம் எப்படி ஆரம்பிக்கிறது என்று பார். இளவரசி இருலன் தன் நாட்குறிப்பில் பேசுகிறாள், ஒரு நிமிஷத்துக்குள் முன்கதை முடிந்துவிடுகிறது. அந்த உத்தி எங்கிருந்து வந்தது தெரியுமா? நாவலின் ஒவ்வோர் அத்தியாயத் தலையிலும் இருலன் எழுதியதாக ஒரு குறிப்பு இருக்கும். ஆனால் அவளை நேரில் பார்ப்பது கதையின் கடைசியில்தான். வெறும் தலைக்குறிப்பாக இருந்தவளைத் திரைக்கதை எழுதியவர்கள் ஆளாக்கி, வேலையும் கொடுத்தார்கள். உன் குறுநாவலிலும் அப்படி ஓரத்தில் யாராவது நிற்பார்கள். பென்சிலை வைத்துக்கொண்டு தேடு.

காசு இல்லை என்று எழுதியிருக்கிறாய். உனக்கு அராக்கிஸ் வேண்டியதில்லை. எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டிக் கிடக்கும் வெளியைக் காலை ஆறு மணிக்குப் போய்ப் பார். வேறு கிரகம் மாதிரி இருக்கும். அங்கே வாழ்கிறவர்களிடம் முதலில் பேசு, அவர்கள் மூச்சுக்குள் போகிற சாம்பல் அது என்பதை மறந்துவிட்டு அழகாக மட்டும் எடுத்துவிடாதே.

‘டியூன்’ ஆங்கிலப் பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. அட்டை போய்விட்டது, பைண்டிங் நன்றாக இருக்கிறது. 2026 டிசம்பரில் மூன்றாம் பாகம் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் இரண்டு நாவல்களையும் படித்து முடித்துவிட வேண்டும், அதுதான் நிபந்தனை. இதழின் முகவரிக்கு உன் திரைக்கதையின் முதல் பத்துப் பக்கத்தை அனுப்பு, எழுத்தாளர் கையெழுத்துப் போட்ட தாளின் நகலையும் சேர்த்து. புத்தகத்தை நானே கொடுத்தனுப்புகிறேன்.